ஜட்ஜம்மாவின் மூன்று லென்ஸ்கள்

உங்கள் அடையாள அட்டையில் மூக்கு கொஞ்சம் கூடுதலாக விழுந்திருந்தால், பெற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். படம் எடுக்கப் போன அன்று படியேறி வந்ததும் என்ன பேசினீர்கள்? உள்ளே இருந்த பெண்ணை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டீர்களா? இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த ஸ்டூடியோவில் மூக்கின் அளவை இருபத்தொரு வருஷமாகத் தீர்மானித்து வருவது கடவுள் இல்லை, ஜட்ஜம்மா.

அது ஊர் வைத்த பெயரில்லை. ஊருக்கு அவள் ஸ்டூடியோம்மா. கணவர்தான் கல்யாணமான இரண்டாவது மாதம் விஷயத்தைக் கண்டுபிடித்து அந்தப் பெயரைச் சூட்டினார். உள்ளறையில் கம்ப்யூட்டரும் பிரின்டரும் அவர் பொறுப்பு. வாடிக்கையாளர்களை அவர் நேரில் பார்ப்பதே கிடையாது. ஆனாலும் திரையில் மூக்கைப் பார்த்த மாத்திரத்தில் வெளியே என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"பாவம், என்ன பண்ணாரு இவரு?"

"பொண்டாட்டியப் பேசவே விடல."

"சரி சரி. எத்தனை காப்பி?"

மேல்முறையீடு அவ்வளவுதான்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்தொன்பது படி ஏறினால் பதினெட்டு அடி நீளத்தில் ஒரே அறை. ஒரு பக்கம் ஆளுயர ஜன்னல், அதில் வெள்ளைத் துணி. பகல் வெளிச்சம் அதன் வழியாக வடிந்து வரும். படமெடுக்க அவளுக்கு அது போதும். நடுவில் ஒரு திருகு ஸ்டூல். ஸ்டூலுக்கு எதிரே தரையில் மூன்று இடத்தில் நாடா ஒட்டியிருக்கும். இரண்டடியில் சிவப்பு, மூன்றடியில் மஞ்சள், ஐந்தடியில் வெள்ளை. வருகிறவர்கள் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சுவர் அலமாரியில் மூன்று லென்ஸ். எண்பத்தைந்து மில்லிமீட்டருக்கு மகராசி என்று பெயர், ஐம்பதுக்குக் குமாஸ்தா, முப்பத்தைந்துக்குப் போக்கிரி. மூன்றும் பிரைம் லென்ஸ்கள். இழுத்துச் சுருக்கி விளையாடுகிற ஜூம் வேலையெல்லாம் அவற்றிடம் நடக்காது. முப்பத்தைந்து என்றால் உடைந்து போகும்வரை முப்பத்தைந்துதான். முகம் பெரிதாக விழ வேண்டுமானால் போட்டோ எடுப்பவர் நடந்து கிட்டே போக வேண்டும், சிறிதாக வேண்டுமானால் நடந்து தள்ளிப் போக வேண்டும்.

ஒரு தடவை ஜூம் லென்ஸ் விற்பவர் ஒருவர் பெட்டியும் கையுமாகப் படியேறி வந்தார். "இது ஒண்ணு இருந்தா அந்த மூணும் வேணாம்மா. நின்ன இடத்துலயே நின்னுக்கலாம்" என்றார்.

"நின்ன இடத்துலயே நிக்கறதுக்கு நான் என்ன ஸ்டாண்டா?" என்றாள் ஜட்ஜம்மா. மனிதர் தன் தொழிலை விட்டுக்கொடுக்காமல் மேலும் அரைமணி நேரம் பேசினார். கடைசியில் தன் விண்ணப்பத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று அவரே ஸ்டூலில் உட்கார்ந்தார். போக்கிரிதான் கிடைத்தது.

மூக்கு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். மூக்கைப் பெரிதாக்குவது உண்மையில் லென்ஸ் இல்லை, தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவில் கிட்டத்தட்ட அரையடி இருக்கிறது. இரண்டடியில் நின்று பார்த்தால் அந்த அரையடி பெரிய விஷயம். மூக்கு முந்திக்கொண்டு வரும், காது பின்னால் ஒதுங்கும். ஐந்தடியில் நின்று பார்த்தால் அந்த அரையடி ஒரு பொருட்டே இல்லை. எல்லாம் அததன் இடத்தில் சமர்த்தாக இருக்கும். எண்பத்தைந்தில் ஐந்தடியிலிருந்தே முகம் சட்டத்தை நிறைத்துவிடுகிறது. முப்பத்தைந்தில் நிறைக்க வேண்டுமானால் இரண்டடிக்குப் போயே ஆக வேண்டும். ஐம்பது நடுவில் மூன்றடியில் நிற்கும். ஆளைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது, வந்ததை வந்தபடி பதிந்து அனுப்பும். குமாஸ்தா என்று பெயர் வைத்தது அதனால்தான்.

தீர்ப்பு விதிமுறைகள் எளிமையானவை. வணக்கம் சொல்லிவிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்தால் குமாஸ்தா. அதற்கு மேல் ஒரு நல்ல குணம் தெரிந்தால் மகராசி. ஒரு பஸ் டிரைவர் வேலைக்கு நேரமாகியும் பின்னால் வந்த முதியவரை முன்னால் அனுப்பிவிட்டு ஓரமாக நின்றார். அவருக்கு மகராசி கிடைத்ததோடு சலுகையும் கிடைத்தது. லென்ஸின் துவாரத்தை ஒன்று புள்ளி எட்டு வரை அகலமாகத் திறந்து எடுத்தாள். கண் மட்டும் கூர்மையாக நிற்க, பின்சுவரில் பெயின்ட் உரிந்திருப்பதெல்லாம் மேகமாகக் கரைந்து போனது. அந்த அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி டிரைவர் தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.

மற்றவர்களுக்குப் போக்கிரி. விரல் சொடுக்கிய ஆடிட்டர் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்து, "இது என்னை மாதிரியே இல்லையே" என்றார். கூட வந்த மனைவி வாங்கி நிதானமாகப் பார்த்தார். "இல்லைங்க, இதுலதான் அப்படியே இருக்கீங்க" என்றார்.

இது அநியாயமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இதைவிடப் பெரிய அநியாயமெல்லாம் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டு நடக்கிறது. ஒரு மூக்குதானே, போனால் போகட்டும் என்பது என் கட்சி.

லென்ஸ் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களும் உண்டு. வங்கிக் காசாளர் ஒருவர் புதுக் கேமராவும் ஜூமும் வாங்கிவிட்டு, இனி பிரைம் ஒன்று வாங்க வேண்டும், எது வாங்க என்று மூன்று நாள் தூங்காமல் வந்து நின்றார். இணையத்தில் படித்ததையெல்லாம் ஒப்பித்தார்.  ஜட்ஜம்மா அவருடைய ஜூமை வாங்கி, வளையத்தை முப்பத்தைந்தில் வைத்து, அசையாதபடி சுற்றி நாடா ஒட்டிக் கையில் கொடுத்தாள்.

"ஒரு வாரம் இதோட இருங்க. அடுத்த வாரம் வந்தா அம்பதுல ஒட்டித் தர்றேன். அதுக்கடுத்த வாரம் எண்பத்தஞ்சு."

மூன்று வாரம் கழித்து காசாளர் தெளிவாக வந்தார். ஐம்பதில் வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளை எடுக்கப் போனால் முதுகு ஃபிரிட்ஜில் இடிக்கிறது. எண்பத்தைந்தில் வீட்டுக்குள் யாரும் அடங்கவில்லை. பால்கனியில் நின்று எடுக்கலாம் என்றால் எதிர்வீட்டு பால்கனிதான் விழுகிறது, எதிர்வீட்டுக்காரர் வந்து என்ன சமாச்சாரம் என்று கேட்டுவிட்டுப் போனார். "எனக்கு முப்பத்தஞ்சுதாம்மா" என்றார். காசாளருக்குச் சின்ன வீடு, பக்கத்திலேயே இருக்கும் பிள்ளைகள். லென்ஸ் தேர்ந்தெடுப்பது என்றால் நாம் யாரோடு எவ்வளவு தூரத்தில் வாழ்கிறோம் என்று பார்ப்பதுதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தன் விஷயத்தில் மட்டும் அதைப் பார்த்ததில்லை.

இப்படி ஊர் முழுக்கத் தீர்ப்பு எழுதியவளிடம் ஒரே ஒரு முகம் மட்டும் சிக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் முகம்.

நாத்தனார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ஊரே பெரிய டீச்சர் என்று கூப்பிடும். தம்பி மனைவியாக இவள் வந்த முதல் வாரம், வீட்டார் பதினான்கு பேரையும் கூடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். புது மருமகள், புது இடம், பதினான்கு ஜோடிக் கண்கள். பெரிய டீச்சர் நடுவில் நின்றபடி, "கேமராதான் தொழில்னாங்க. கை நடுங்குது பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கணவர்கூட பாதிச் சிரிப்புச் சிரித்தார். கை உண்மையாகவே நடுங்கியதால்தான் அவளுக்கு அது அப்படிச் சுட்டது.

பிறகும் பெரிய டீச்சர் சும்மா இருக்கவில்லை. ஸ்டூடியோ வாசலில் 'காலனியைக் கழற்றி வைக்கவும்' என்று ஜட்ஜம்மா எழுதி மாட்டியிருந்த பலகையில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கீழே 'காலணி. இரண்டு தடவை எழுதிப் பார்க்கவும்' என்று எழுதிவிட்டுப் போனார். அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் பெரிய டீச்சர் ஒரு அடையாள அட்டைப் படத்துக்குக்கூட இந்த ஸ்டூலில் உட்கார்ந்ததில்லை. எதிர்ச்சாரி ஸ்டூடியோவுக்குப் போவார். ஏன் என்று யாராவது கேட்டால், "வீட்டு ஆளுங்ககிட்ட எடுத்தா சரியா வராது" என்பார். ஜன்னல் துணியை விலக்கினால் அவர் எதிர்ப்படியில் ஏறுவது தெரியும். ஜட்ஜம்மா துணியை விலக்கிப் பார்க்கவும் செய்தாள், ஒவ்வொரு தடவையும்.

காலம் ஒரு நாள் கனிந்தது. முப்பத்துநான்கு வருஷ வேலை முடிந்து பெரிய டீச்சர் ஓய்வு பெறப்போகிறார். பள்ளிக்கூட நடைபாதையில் முன்னாள் தலைமையாசிரியர்கள் ஏழு பேரின் படங்கள் தொங்குகின்றன. எட்டாவது ஆணி அடித்தாகிவிட்டது. எதிர்ச்சாரி ஸ்டூடியோக்காரரோ கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அக்கா வர்றாங்களாம்" என்றார் கணவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜட்ஜம்மா, அது ஸ்கூல்ல மாட்டற படம். மாட்டினா கழட்டவே மாட்டாங்க" என்றார்.

"தெரியும்."

"அம்பது வருஷம் தொங்கும்."

"அதான். நல்லா எடுக்கணும்."

கணவர் உள்ளே போய், தேவையே இல்லாமல் பிரின்டரில் மை இருக்கிறதா என்று பார்த்தார்.

பெரிய டீச்சர் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வீட்டு மூக்கே கொஞ்சம் தாராளம்தான். கணவருடையது அடக்கமாக நின்றுவிட்டது, அக்காவுடையது நிற்கவில்லை. ஐந்தடியிலேயே அது தன்னைத் தெரிவித்துக்கொள்ளும். இரண்டடியில் என்ன ஆகும் என்று நினைக்க நினைக்க ஜட்ஜம்மாவுக்குச் சோறு இனித்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அந்த நடைபாதையில் நின்று வைக்கப்போகும் பட்டப்பெயர்களை இப்போதே ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். திங்கட்கிழமை பழைய சிவப்பு நாடாவைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மூடாப்பு. வெளிச்சம் கம்மி. நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது படியில் காலடி கேட்டது. பன்னிரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறியது. பெரிய டீச்சர் உள்ளே வந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஜட்ஜம்மா அலமாரிப் பக்கம் திரும்பிப் போக்கிரியை எடுத்து மாட்டினாள். வெள்ளையைத் தாண்டினாள், மஞ்சளைத் தாண்டினாள், சிவப்பில் போய் நின்றாள்.

"ரெண்டடிதானா?" என்றார் பெரிய டீச்சர்.

"என்ன அண்ணி?"

"சிவப்பு நாடா. முப்பத்தஞ்சு. அதான் கிடைக்கும்னு நினைச்சேன்."

ஜட்ஜம்மாவுக்குக் கேமரா கையிலேயே கனத்தது. "உங்க தம்பி சொன்னாரா?"

"அவன் சொல்லுவானா? உனக்குப் பயந்தவன் அவன்." உள்ளறையில் பிரின்டர் சத்தம் சட்டென்று நின்றது. "பன்னிரண்டு வருஷமா தலைமையாசிரியையா இருக்கேன். எத்தனை விண்ணப்பம், எத்தனை அடையாள அட்டை. பெற்றோர் சங்கத் தலைவர் ஒருத்தர் இருந்தார். பதவில இருந்தப்ப ஒரு மூக்கு, பதவி போன அப்புறம் ஒரு மூக்கு. மனுஷனுக்கு மூணு வருஷத்துல மூக்கு சின்னதாகுமா? பின்பக்கம் பாத்தா ரெண்டுலயும் உன் ஸ்டூடியோ முத்திரை. எங்க பௌதீக வாத்தியார்கிட்ட கேட்டேன். லென்ஸ், தூரம் எல்லாம் படம் போட்டு விளக்கினார். அப்புறம் ஒரு நாள் இங்க வந்தப்ப நாடாவைப் பார்த்தேன்."

"அதனாலதான் எதிர்க்கடைக்குப் போனீங்களா?"

"முதல்ல வீம்பு. தெரிஞ்ச அப்புறம் பயம்."

பெரிய டீச்சர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதை அனுபவிப்பதற்குள் அடுத்த இடி இறங்கியது.

"உன் தீர்ப்பை நான் உபயோகமும் படுத்திக்கிட்டேன்" என்றார் பெரிய டீச்சர். "வேலைக்கு ஆள் எடுக்கும்போது உன் முத்திரை இருக்கிற படமா பார்ப்பேன். சின்ன மூக்குன்னா உள்ள கூப்பிடுவேன். பெரிய மூக்குன்னா, இவங்க யார்கிட்டயோ மரியாதை இல்லாம நடந்திருக்காங்கன்னு அர்த்தம். பசங்ககிட்டயும் அப்படித்தான் நடப்பாங்கன்னு ஒதுக்கிடுவேன். பெரும்பாலும் சரியாத்தான் இருந்துச்சு. ஒரு மழைக்காலத்துல மட்டும் வரிசையா நாலு பேர், நாலும் பெரிய மூக்கு. நாலு பேரையும் திருப்பி அனுப்பிட்டேன்."

 அந்த மழைக்காலம் ஜட்ஜம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மகராசிக்கும் குமாஸ்தாவுக்கும் அலமாரியில் ஒரே பெட்டி. இரண்டுக்கும் உள்கண்ணாடியில் பூஞ்சை பிடித்துச் சுத்தம் செய்ய அனுப்பியிருந்தாள். ஓய்வே இல்லாமல் உழைத்த போக்கிரிக்கு மட்டும் பூஞ்சை பிடிக்கவில்லை. அந்த ஒரு வாரம் வந்தவர்களுக்கெல்லாம் அதுதான். முப்பத்தைந்தை வைத்துக்கொண்டே ஐந்தடியில் நின்று எடுத்து, ஓரங்களை வெட்டிவிட்டிருந்தால் மூக்கு சின்னதாகவே விழுந்திருக்கும், தூரம்தானே எல்லாம். அது தெரியாதவளா அவள்? போக்கிரி கையில் இருந்ததும் கால் தானாகச் சிவப்பு நாடாவுக்குப் போய்விட்டது.

"அண்ணி, அந்த நாலு பேரும் நல்லவங்க" என்றாள்.  பூஞ்சைக் கதையையும், தூரம்தானே எல்லாம், தள்ளி நின்றே எடுத்திருக்கலாம் என்பதையும் சொன்னாள். சொல்லும்போதே முகங்கள் ஞாபகம் வந்தன. நனைந்த குடையை உள்ளே கொண்டு வராமல் வாசலிலேயே வைத்துவிட்டு வந்த ஒரு பெண். ஸ்டூலில் உட்காரட்டுமா என்று கேட்டு உட்கார்ந்த ஓர் ஒல்லி மனிதர். தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பெரிய டீச்சர் மடியில் இருந்த கண்ணாடியை எடுத்து மறுபடி துடைத்தார். பிறகு, "ஒல்லியா ஒருத்தர், அடுத்த வருஷம் வேற படத்தோட திரும்ப வந்தார். மூக்கு சின்னதா இருந்துச்சு. திருந்திட்டார் போலன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார். "மத்த மூணு பேர் விலாசம் ரிஜிஸ்டர்ல இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள நான் பேசறேன்."

"படம் எடுக்க இங்க வரச் சொல்லுங்க."

"சொல்றேன். தப்பு உன்னது பாதி, என்னது பாதி." அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "சரி, எடு. முப்பத்தி நாலு வருஷமா எல்லாருக்கும் மார்க் போட்டிருக்கேன். எனக்கு ஒருத்தரும் போட்டதில்ல. உனக்கு எது நியாயம்னு படுதோ அதை மாட்டி எடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஜட்ஜம்மா அலமாரிக்குப் போனாள். மகராசியைத் தொட்டாள். மகராசி நன்றாகத்தான் எடுக்கும். பள்ளிக்கூடமே பார்த்து, அழகா இருக்காங்களே, யார் இவங்க என்று கேட்கும். குமாஸ்தாவைத் தொட்டாள். அது ஒரு அதிகாரியை எடுத்துக் கொடுக்கும், வம்பு இல்லை, தப்பித்துவிடலாம். இரண்டையும் விட்டாள். பிடிக்காதவர்களுக்கெல்லாம் தான் இரண்டடி கிட்டத்தில் போய் நின்றிருக்கிறோம், பிடித்தவர்களை ஐந்தடி தள்ளியே நின்று பார்த்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விரல் சொடுக்கிய ஆடிட்டரின் இமை மயிர்வரை அவளுக்குத் தெரியும். பஸ் டிரைவரின் கண் என்ன நிறம் என்று தெரியாது.

கேமராவில் இருந்த போக்கிரியை மாற்றாமலே திரும்பி வந்து சிவப்பு நாடாவில் நின்றாள்.

பெரிய டீச்சர் உதட்டை இறுக்கிக்கொண்டார். ஆனால் பேசவில்லை, சொன்ன சொல் சொன்னதுதான். இருபத்தொரு வருஷத்தில் இருவரும் இவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தழும்பு தெரிந்தது. நடுவிரலில் சிவப்பு மை. கண்ணில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பெண்ணின் பயம். ஜட்ஜம்மாவுக்கு நெஞ்சு இளகியது. கூடவே குறும்பும் தலைதூக்கியது.

"அண்ணி."

"ம்?"

"வாசல்ல அந்தப் பலகைய நான் மாத்தல. உங்க வட்டத்தோட அப்படியே இருக்கு. ரெண்டு தடவை எழுதியும் பார்த்தேன்."

பெரிய டீச்சர் சிரித்துவிட்டார். பல் தெரிய, தோள் குலுங்க. அந்த நொடியில் எடுத்தாள்.

கேமராத் திரையைத் திருப்பிக் காட்டினாள். பெரிய டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூக்கு எல்லாவற்றுக்கும் முந்தி வந்து நின்றிருந்தது, அதில் சந்தேகமே இல்லை. அதன் பின்னால் இரண்டு கண்ணும் சிரித்துக்கொண்டிருந்தன. வாய் சிரிப்பு முடிந்ததும் உங்கள் தப்பைத் திருத்தத் தயாராக இருந்தது.

"மூக்கு பெருசாத்தான் இருக்கு."

"இருக்கறதே பெருசுதானே அண்ணி."

"ம். வாய்க்கொழுப்பு." ஆனால் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேணும்னா மகராசில ஒண்ணு எடுக்கறேன். அதை ஸ்கூலுக்குக் கொடுங்க."

"வேணாம். அதுல வேற யாரோ இருப்பாங்க. இதையே மாட்டட்டும்." பெரிய டீச்சர் எழுந்து கையை நீட்டினார். "கேமராவைக் கொடு. இப்ப நீ உட்காரு."

"நானா?"

"இத்தனை வருஷத்துல உன்னை யாராச்சும் இங்க உட்கார வெச்சு எடுத்திருக்காங்களா?"

யாரும் எடுத்ததில்லை. ஜட்ஜம்மா தன் ஸ்டூலில் முதல் தடவையாக உட்கார்ந்தாள். அது இவ்வளவு தணிவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. "லென்ஸ் மாத்தித் தரட்டுமா அண்ணி?" என்றாள்.

"இருக்கறதே போதும். தூரம்தானே எல்லாம்னு சொன்ன."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அறையின் கோடிக்குப் போனார். ஜட்ஜம்மா குனிந்து தரையைப் பார்த்தாள். தீர்ப்பு அங்கேதான் எழுதப்படப் போகிறது. செருப்பில்லாத இரண்டு பாதங்கள் மெல்ல வந்தன. வெள்ளையில் நின்றன. மஞ்சளுக்கு வந்தன. அங்கேயே நின்றுவிட்டால் நல்லது என்று அவளுக்கு இருந்தது. ஆனால் குடையை வாசலில் வைத்துவிட்டு வந்த பெண்ணை நினைத்துக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. பாதங்கள் சிவப்பு நாடாவை மிதித்து நின்றன.

சரி, கிடைக்க வேண்டியதுதான் என்று நிமிர்ந்து பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் பெரிய டீச்சரின் மூச்சு கேட்டது. வெளிச்சம் இன்னும் இறங்கியிருந்தது. அதனால் ஷட்டர் திறந்து மூட வழக்கத்தைவிட நேரம் இழுத்தது.

திரையில் வந்ததை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டது மாதிரி ஒரு முகம். கண் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மூக்கு பெரிதா சிறிதா என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது.

பெரிய டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கை நடுங்கிடுச்சு" என்றார்.

ஜட்ஜம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். 

"கேமராவைப் பிடிச்சா நடுங்கத்தான் செய்யும் போல. அதுவும் எதிர்ல ஆள் இருந்தா." பெரிய டீச்சர் கேமராவைப் பத்திரமாக அவள் மடியில் வைத்தார். "எனக்கு அப்ப தெரியாது."

"ஆமா அண்ணி" என்றாள் ஜட்ஜம்மா. "முதல்ல அப்படித்தான்."

பெரிய டீச்சர் படியிறங்கிப் போனார். பன்னிரண்டாவது படியில் காலடி நின்றதும் மறுபடி இறங்கியதும் கேட்டன. சிறிது நேரம் கழித்து உள்ளறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

"ஜட்ஜம்மா, அக்கா படம் ரெடி. இன்னொண்ணு ஒரே ஆட்டமா இருக்கு, மூக்கே தெரியல. அழிச்சிடட்டுமா?"

"அச்சடிங்க."

அவர் எட்டிப் பார்த்தார். அவள் இன்னும் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். 

"எத்தனை காப்பி?"

"ரெண்டு" என்றாள். "ஒண்ணு அண்ணிக்கு."